அணுக்கரு மாறுநிலைப் பாதுகாப்பில் ஏற்புச்சோதனை வடிவமைப்பு: ஓர் அறிவியல் தமிழ் விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பிளவுறும் பொருள்களைக் கையாளும் ஆலைகளில் தற்செயலாகத் தொடர்வினை மூளாது என்னும் உறுதி பெரும்பாலும் கணினிக் கணக்கீட்டிலிருந்தே பெறப்படுகிறது. அக்கணக்கீட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஆய்வகங்களில் நிகழ்த்தப்பெறும் மாறுநிலைச் சோதனைகள் தீர்மானிக்கின்றன. எந்தச் சோதனை எந்தக் கணக்கீட்டிற்குச் சான்றாகும், சான்றில்லாத இடத்தில் புதிய சோதனை எவ்வாறு வடிவமைக்கப்படுகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. 'சரிபார்ப்பு', 'ஏற்புச்சோதனை' ஆகிய இரு கலைச்சொற்களைத் தமிழில் பிரித்தாள வேண்டிய தேவையும் இதனூடே எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாறுநிலை, பெருக்கக் காரணி, சரிபார்ப்பு, ஏற்புச்சோதனை, அளவுகோல் சோதனை, உணர்திறன் கெழு, அறிவியல் தமிழ்.

முன்னுரை

1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் டோக்கைமுராவில் உள்ள ஜே.சி.ஓ. எரிபொருள் ஆலையில், 18.8 விழுக்காடு செறிவூட்டப்பெற்ற யுரேனியக் கரைசலைப் பணியாளர்கள் வாளியால் ஒரு வீழ்படிவுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தனர். ஒருமுறைக்கு 2.4 கிலோ யுரேனியம் என்பதே அங்கு விதிக்கப்பட்டிருந்த வரம்பு. ஏழாம் பங்கு ஊற்றப்பட்டபோது தொட்டியில் ஏறத்தாழ 16.6 கிலோ சேர்ந்திருந்தது. அந்நிலையில் மூண்ட தொடர்வினை சுமார் 20 மணி நேரம் நீடித்தது. தொட்டியைச் சூழ்ந்திருந்த குளிர்விப்பு நீரை வடித்த பின்னரே அது அடங்கியது. பணியாளர் இருவர் கதிர்வீச்சால் உயிரிழந்தனர்.

இவ்விபத்துக்குக் காரணம் வரம்பு மீறப்பட்டமையே. கணக்கீட்டில் பிழை இருந்ததாக யாரும் கூறவில்லை. எனினும் நிகழ்வைத் தலைகீழாக நோக்கினால் வேறொரு வினா எழுகிறது. வரம்புக்குள் நின்று பணியாற்றுகின்ற ஒருவர் எதை நம்பி நிற்கிறார்? தொட்டியை நிரப்பிப் பார்த்து வரம்பை அறிந்துகொள்ளும் வழி இல்லை. ஆகவே அவர் நிற்பது ஓர் எண்ணின்மேல். அவ்வெண் நிற்பது முன்னர் எங்கோ, யாரோ பாதுகாப்பாக நிகழ்த்திய சோதனைகளின்மேல். அச்சோதனைகள் எத்தகையனவாக இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

லாஸ் அலமாஸ் ஆய்வகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பாய்வு 60 மாறுநிலை விபத்துகளைப் பதிவு செய்கிறது. அவற்றுள் 22 பொருள்களைப் பக்குவப்படுத்தும் ஆலைகளிலும், 38 சோதனைக் கூடங்களிலும் ஆய்வுலைகளிலும் நிகழ்ந்தவை. ஆலை விபத்துகள் 22இல் 21 கரைசலிலோ குழம்பிலோ நேர்ந்தன என்பது கருதத்தக்கது. நீர் புகுமிடத்தில் ஆபத்தின் இயல்பே மாறிவிடுகிறது.

மாறுநிலை என்பது

யுரேனியம்-235 அணுக்கரு ஒரு நியூட்ரானை ஏற்றுப் பிளவுறும்போது சராசரியாக இரண்டரை அளவில் புதிய நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் சில பொருளை விட்டு வெளியேறுகின்றன. சில பிளவு உண்டாக்காமலே உட்கவரப்படுகின்றன. எஞ்சியவை அடுத்த பிளவுகளை உண்டாக்குகின்றன. ஒரு தலைமுறை நியூட்ரான்களுக்கும் அதற்கு முந்தைய தலைமுறைக்கும் உள்ள விகிதம் பெருக்கக் காரணி எனப்படும். அது ஒன்றுக்குக் குறைந்தால் தொடர்வினை தானே அவிகிறது. ஒன்றாக இருந்தால் நிலைத்து நடக்கிறது. ஒன்றை மிஞ்சினால் பெருகுகிறது. ஒன்று என்னும் அந்த எல்லையே மாறுநிலை.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மாறுநிலை' என்று வழங்குவதை இலங்கைத் தமிழ் நூல்கள் 'அவதி' என்னும் சொல்லால் குறிக்கும் மரபுடையன. மாறுநிலைக் கோணம் அங்கு அவதிக்கோணம். எல்லை என்பதே அவதியின் மூலப்பொருள். துன்பம் என்பது பேச்சில் வந்து சேர்ந்தது. இத்துறையைப் பொறுத்தவரை இரு பொருளும் பொருந்தி நிற்கின்றன என்று கூறினால் மிகையாகாது. எனினும் கூட்டுச்சொற்கள் ஆக்குவதற்கு எளிதாயிருப்பதால் இக்கட்டுரை மாறுநிலை என்பதையே ஆள்கிறது.

பெருக்கக் காரணி பொருளின் நிறையை மட்டும் சார்ந்ததன்று. வெறும் கோளமாக நிற்கும் உயர்செறிவு யுரேனிய உலோகம் மாறுநிலை அடைய ஏறத்தாழ 52 கிலோ தேவை. அதே யுரேனியம் தக்க அளவில் நீரோடு கலந்து, சுற்றிலும் நீரால் சூழப்பட்டிருந்தால் ஒரு கிலோவுக்கும் குறைந்த நிறையே போதும். நீரிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கிறது. வேகம் தணிந்த நியூட்ரானே யுரேனியம்-235ஐ எளிதில் பிளக்கிறது. சூழ்ந்த நீரோ வெளியேறும் நியூட்ரான்களை உள்ளே திருப்பி அனுப்புகிறது. நிறை, வடிவம், செறிவு, தணிப்பான், சூழ்பொருள், உட்கவரும் பொருள், அருகிலுள்ள மற்றொரு கலம் என இத்தனையும் ஒன்றோடொன்று பின்னி வருவதால், ஆலையில் தோன்றக்கூடிய ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே அளந்து பார்த்தல் இயலாது. கணக்கிட்டே அறிதல் வேண்டும். இன்று இதற்குப் பெரிதும் பயன்படுவது மான்டே கார்லோ முறை. நியூட்ரான்களின் வாழ்வைக் கோடிக்கணக்கில் கணினியில் ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்து விகிதத்தைக் காணும் முறை அது.

சரிபார்ப்பும் ஏற்புச்சோதனையும்

கணினி தரும் எண்ணைப் பற்றி இருவேறு ஐயங்கள் எழக்கூடும். முதலாவது, நாம் எழுதிய சமன்பாட்டை நிரல் பிழையின்றித் தீர்த்துள்ளதா என்பது. இதனை அறிய, காகிதத்திலேயே முழுமையாகத் தீர்க்கத்தக்க கணக்குகள் உள்ளன. லாஸ் அலமாஸ் ஆய்வாளர்கள் அவ்வகையில் 75 கணக்குகளைத் தொகுத்துள்ளனர். நிரலின் விடை அவற்றின் விடையோடு பொருந்தினால் முதல் ஐயம் தீர்கிறது. இது சரிபார்ப்பு.

இரண்டாவது ஐயம் ஆழமானது. சமன்பாடு பிழையின்றித் தீர்க்கப்பட்டாலும் அதில் நாம் இட்ட தரவுகள் இயற்கையோடு பொருந்துவனவா? ஒவ்வொரு தனிமத்தின் அணுக்கருவும் ஒவ்வோர் ஆற்றலிலும் நியூட்ரானை எந்த நிகழ்தகவில் சிதறடிக்கும், உட்கவரும், பிளவுறும் என்பன அணுக்கருத் தரவுகள். அளவீட்டினாலும் கோட்பாட்டினாலும் பெறப்படும் அவற்றுள் நிச்சயமின்மை எப்போதும் உண்டு. நிரல் எத்துணைச் செம்மையாக இயங்கினும் தரவிலுள்ள பிழை விடையில் வந்தே தீரும். இதனை எந்தக் காகிதக் கணக்கும் காட்டாது; உண்மையான பொருளைக் கொண்டு நிகழ்த்திய அளவீடு மட்டுமே காட்டும். கணக்கீடு இப்பயனுக்கு ஏற்புடையதா எனக் காணும் இச்செயலையே இக்கட்டுரை ஏற்புச்சோதனை என்கிறது. கல்வியியல் ஆய்வு நெறிமுறை நூல்களில் ஒரு கருவி அளக்க வேண்டியதை அளக்கிறதா என்பதைக் குறிக்க 'ஏற்புடைமை' என்னும் சொல் ஏற்கெனவே நிலைபெற்றிருப்பது இவ்வாக்கத்துக்குத் துணையாகிறது.

தமிழில் எழுதப்படும் தொழில்நுட்பக் குறிப்புகள் பலவற்றில் இவ்விரண்டுக்கும் 'சரிபார்ப்பு' என்னும் ஒரே சொல் ஆளப்படுவதைக் காணலாம். சுவடிப்பதிப்பில் பயிற்சியுடையோர் இம்மயக்கத்தின் அளவை எளிதில் உணர்வர். படியெடுத்தவர் தம் முன்னிருந்த ஏட்டை எழுத்துப் பிசகாமல் பெயர்த்துள்ளாரா என்பது ஒரு கேள்வி. அந்த ஏடே ஆசிரியர் பாடத்தைக் கொண்டுள்ளதா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு 'ஆம்' என விடை பெற்றுவிட்டு இரண்டாவதும் தீர்ந்ததாகக் கொள்ளும் பதிப்பாசிரியர் இலர். மாறுநிலைக் கணக்கீட்டில் அவ்வாறு கொள்வது உயிர்ச்சேதத்துக்கு வழியாகும்.

கைவசமுள்ள சான்றுகள்

மாறுநிலைச் சோதனைகளின் தொடக்க வரலாறு கையால் செய்த வரலாறு. 1945 ஆகஸ்ட் 21 அன்று ஹாரி டாக்லியனும், 1946 மே 21 அன்று லூயிஸ் ஸ்லாட்டினும் லாஸ் அலமாஸில் ஒரே 6.2 கிலோ புளூட்டோனியக் கோளத்தைக் கையாளும்போது மாறுநிலை மீறப்பட்டு, பெற்ற கதிர்வீச்சால் இறந்தனர். ஒருவர் கையிலிருந்து சூழ்பொருட் கட்டி நழுவியது. மற்றொருவர் கையிலிருந்த திருப்புளி நழுவியது. அதன்பின் இத்தகைய சோதனைகள் மனிதரிடமிருந்து விலகித் தொலைவிலிருந்து இயக்கப்படும் முறைக்கு மாறின.

அவ்வாறு நிகழ்ந்த சோதனைகளுள் புகழ்பெற்றவை இரண்டு. ஒன்று உயர்செறிவு யுரேனிய உலோகக் கோளமான கொடைவா; மற்றொன்று ஏறத்தாழ 17 கிலோ எடையுள்ள புளூட்டோனியக் கோளமான ஜெசபெல். இவை போன்ற சோதனைகளின் குறிப்பேடுகள் சிதறியும் மறைந்தும் போகும் நிலையில் இருந்தமையால் 1992இல் அமெரிக்க ஆற்றல் துறை ஒரு தொகுப்புப் பணியைத் தொடங்கியது. 1995இல் அது பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் அணுவாற்றல் முகமையின்கீழ்ப் பன்னாட்டுத் திட்டமாயிற்று. பழைய குறிப்பேடுகளைத் தேடியெடுத்து, பரிமாணம், நிறை, வேதியியற் கூறு ஆகியவற்றின் நிச்சயமின்மையை மதிப்பிட்டு, பிறர் மீளாய்வு செய்து சேர்க்கும் அக்கையேட்டில் இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. இவ்வாறு மதிப்பிடப்பட்டவை அளவுகோல் சோதனைகள் எனப்படும். கொடைவாவின் பெருக்கக் காரணி ஒன்று; அதன் நிச்சயமின்மை ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஐயாயிரம் சான்றுகள் இருக்கப் புதிய சோதனை எதற்கு? எண்ணிக்கை மிகுதியாயினும் பரவல் சீராக இல்லை என்பது முதல் விடை. நியூட்ரான்களின் ஆற்றலைக் கையேடு மூவகையாகப் பிரிக்கிறது: 0.625 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழ் வெப்ப நிலை. 1,00,000 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் வேக நிலை. இவற்றுக்கு இடைப்பட்டது இடைநிலை. நீர் நிறைந்த அமைப்புகள் முதல் வகையிலும், வெறும் உலோகக் கோளங்கள் இரண்டாம் வகையிலும் குவிகின்றன. இடைநிலையில் சோதனைகள் அருகியே உள்ளன. ஈரம் குறைந்த தூள், சிறிதளவே நெகிழி கலந்த கழிவு முதலிய ஆலை நிலைகளோ அங்குதான் வந்து விழக்கூடியன.

இரண்டாவது விடை நுட்பமானது. மேற்போக்கான வாசிப்பில் தவறிப்போவது. அணுக்கருத் தரவுத் தொகுதிகளை உருவாக்குவோர் கொடைவா, ஜெசபெல் போன்ற புகழ்பெற்ற சோதனைகளின் விடை சரியாக வருமாறு, நிச்சயமின்மை எல்லைக்குள் தம் தரவுகளைத் தேர்ந்துகொள்வதுண்டு. அவ்வாறிருக்க, அத்தரவைக் கொண்டு ஜெசபெல்லைக் கணக்கிட்டு விடை ஒன்று என வந்ததெனில் அதில் வியப்பில்லை. பிளவு நிகழ்தகவு சற்றுக் கூடுதலாகவும் சிதறல் வேறொரு பக்கம் பிழையாகவும் இருந்து, ஒன்றையொன்று ஈடுசெய்து, கோளத்தில் மட்டும் சரியான விடையைத் தந்திருக்கக்கூடும். வேறோர் அமைப்பில் அப்பிழைகள் ஈடாகாமல் தனித்து நிற்கும். தேர்வுக்கு முன்பே காட்டப்பட்ட வினாத்தாளில் மாணவர் பெற்ற மதிப்பெண்ணை எவ்வாறு கொள்வோமோ அவ்வாறே இப்பொருத்தத்தையும் கொள்ளுதல் வேண்டும்.

எது எதற்குச் சான்றாகும்

ஒப்புமை என்னும் சொல்லே ஏற்புச்சோதனை வடிவமைப்பின் மையம். தொடக்க காலத்தில் ஒப்புமை என்பது பொருளின் ஒப்புமையாகவும் வடிவத்தின் ஒப்புமையாகவும் கருதப்பட்டது. புளூட்டோனியத்துக்குப் புளூட்டோனியம், உருளைக்கு உருளை என்னும் முறை. இது போதாது. நீரில் கரைந்த புளூட்டோனியம் நைட்ரேட் தொட்டி ஒன்றைக் கருதுவோம். அதில் பிளவுகளில் பெரும்பாலானவை ஓர் எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றலுடைய நியூட்ரான்களால் நிகழ்கின்றன. ஜெசபெல்லில் அவ்வளவு மெதுவான நியூட்ரான்கள் ஏறத்தாழ இல்லை. இரண்டிலும் புளூட்டோனியமே எனினும் ஒன்றின் கணக்கீட்டில் ஆளும் தரவு மற்றொன்றில் வாயே திறப்பதில்லை. மாறாக, உயரமான உருளைத் தொட்டியும் தட்டையான தகட்டுத் தொட்டியும் பார்வைக்கு வேறாயினும், ஒரே கரைசலைக் கொண்டிருந்தால் கணக்கீட்டின் கண்ணுக்கு அவை நெருங்கிய உறவினர்.

இவ்வுறவை அளப்பதற்கு உணர்திறன் கெழு பயன்படுகிறது. ஒரு குறிப்பிட்ட தரவை, எடுத்துக்காட்டாக ஹைட்ரஜனின் சிதறல் நிகழ்தகவை, ஒரு விழுக்காடு மாற்றினால் பெருக்கக் காரணி எத்தனை விழுக்காடு மாறும் என்பதே அக்கெழு. இதனை ஒவ்வோர் அணுக்கருவுக்கும், ஒவ்வொரு வினைக்கும், ஒவ்வோர் ஆற்றற் பகுதிக்கும் கண்டால் அமைப்பின் கைரேகை போன்றதொரு நெடும் பட்டியல் கிடைக்கும். ஆலை அமைப்பின் பட்டியலும் சோதனை அமைப்பின் பட்டியலும் எவ்வளவு ஒத்துச்செல்கின்றன எனக் காணலாம்.

இதனினும் ஒரு படி மேலே சென்றனர் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தார். எல்லாத் தரவுகளும் ஒரே அளவில் ஐயத்துக்குரியன அல்ல. நன்கு அறியப்பட்ட தரவில் இரு அமைப்புகளும் ஒத்திருப்பதால் நமக்கு ஆகப்போவது சிறிது; ஐயத்துக்குரிய தரவில் ஒத்திருப்பதே பயன்தரும். எனவே உணர்திறன் கெழுக்களை அவ்வத் தரவின் நிச்சயமின்மையால் எடையிட்டு, இரு அமைப்புகளின் பிழை எந்த அளவுக்கு ஒரே ஊற்றிலிருந்து வருகிறது என்பதைக் காட்டும் ஒப்புமைக் கெழுவை அவர்கள் வரையறுத்தனர். அது ஒன்றை நெருங்கினால் இரண்டும் ஒரே அறியாமையைப் பகிர்ந்துகொள்வன. 0.9ஐ எட்டினால் நல்ல சான்று, 0.8க்கும் 0.9க்கும் இடையில் இருந்தால் எல்லையோரச் சான்று என்பது வழக்கிலுள்ள மதிப்பீடு. இவை இயற்கை விதிகளல்ல. அனுபவத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாளக் கோடுகள். இக்கோட்டை ஒரு நூலிழை தாண்டிவிட்டதைக் கொண்டு சான்று முழுமையாயிற்று என எழுதுவது கட்டுரையாளரின் பார்வையில் முறையன்று. எந்தத் தரவால் ஒப்புமை குறைந்தது என்று பட்டியலுக்குள் சென்று காண்பதே தக்கது.

இல்லாத சான்றை உருவாக்குதல்: இரு சோதனைகள்

தக்க சான்று கையேட்டில் இல்லை எனத் தெரிந்தபின் வடிவமைப்புப் பணி தொடங்குகிறது. பயன்படுத்தித் தீர்ந்த அணுவுலை எரிபொருளைச் சேமிக்கும் கலங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. உலையில் எரிந்த எரிபொருள் புதியதைவிட வீரியம் குறைந்தது; அதில் தோன்றியுள்ள பிளவு விளைபொருள்களுள் சில நியூட்ரான்களை வலிமையாக உட்கவர்வன. இக்குறைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் கலத்தில் மிகுதியான எரிபொருளை அடுக்கலாம். அவ்விளைபொருள்களின் உட்கவர்ச்சியைக் கணக்கீடு மிகையாகக் காட்டிவிட்டால், பாதுகாப்பு இருப்பதாகக் கருதிய இடத்தில் அது இராது.

பிரான்சின் வால்டுக் ஆய்வகத்தில் 1988 முதல் 1990 வரை நிகழ்ந்த சோதனைத் தொடர் இவ்விடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பியது. எரிந்த எரிபொருளின் யுரேனிய, புளூட்டோனியக் கூறுகளைப் போன்றே புதிதாகச் செய்யப்பட்ட கோல்கள் அதில் பயன்பட்டன. ஆனால் பிளவு விளைபொருள்கள் அக்கோல்களில் இல்லை. உண்மையான எரிந்த கோலைக் கொண்டு சோதித்தால் என்ன எனலாம். அதன் கதிர்வீச்சு கையாளுதலை அரிதாக்கும். அதன் உட்கூறும் துல்லியமாகத் தெரியாது. கூறு தெரியாத பொருள் சோதனைக்கு உதவாது.

அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தார் வேறு வழியை நாடினர். விளைபொருள்களுள் ஒன்றாகிய ரோடியம்-103ஐத் தூய மென்தகடுகளாகப் பெற்று, 4.31 விழுக்காடு செறிவுள்ள புதிய எரிபொருட் கோல்களில் வில்லைகளுக்கு இடையே செருகினர். நீரில் கோல்களை ஒவ்வொன்றாகக் கூட்டி, மாறுநிலைக்கு எத்தனை கோல்கள் தேவை எனக் கண்டனர். தகடு உள்ளபோதும் இல்லாதபோதும் தேவைப்படும் கோல்களின் எண்ணிக்கை வேறுபாடே ரோடியத்தின் குரல். இவ்வடிவமைப்பின் சிறப்பு அதன் இரட்டைத் தன்மையில் உள்ளது. கோலின் விட்டம், செறிவு, இடைவெளி ஆகியவற்றிலுள்ள நிச்சயமின்மை இரு சோதனைகளுக்கும் பொதுவாதலால் வேறுபாடு காணும்போது பெரிதும் நீங்கிவிடுகிறது. தேடும் ஒன்று மட்டும் எஞ்சுகிறது. இரு பாடங்களை அருகருகே வைத்து ஒரு சொல்லை மட்டும் ஒப்பிடுதல் போன்றது இது.

இரண்டாவது எடுத்துக்காட்டு இடைநிலை ஆற்றல் பகுதிக்கென்றே வடிவமைக்கப்பட்டது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் முன்னின்று நடத்திய 'டெக்ஸ்' என்னும் வெப்ப, இடைநிலைச் சோதனைத் தொடர், பழைய ஆய்வுலை ஒன்றுக்காகச் செய்யப்பட்டிருந்த புளூட்டோனியத் தகடுகளையே மீளப் பயன்படுத்தியது. எஃகு உறையிட்ட அத்தகடுகளை அடுக்கி, அடுக்குகளுக்கு இடையே பாலிஎத்திலீன் பலகைகளை வைப்பது அதன் அமைப்பு. பாலிஎத்திலீனில் ஹைட்ரஜன் மிகுதி. பலகை இல்லையெனில் நியூட்ரான்கள் வேகமாகவே இருக்கின்றன. பலகையின் தடிமன் கூடக்கூடப் பிளவுகள் வேக நிலையிலிருந்து இடைநிலைக்கும் பின் வெப்ப நிலைக்கும் இறங்குகின்றன. ஒரே தகடுகள், ஒரே பொறி, மாறுவது தடிமன் மட்டும். பின்னர் அதே அடுக்கில் டான்டலம் தகடுகளைச் சேர்த்து மறுபடி அளந்தனர். புளூட்டோனியத்தை உருக்கும் கலங்களில் பயன்படும் உலோகம் டான்டலம். எனவே அது எவ்வளவு உட்கவரும் என்பது ஆலைக்கு வேண்டிய செய்தி.

இச்சோதனைகள் வரைபடத்திலிருந்து நேரே மேடைக்குச் செல்வதில்லை. அமெரிக்க நடைமுறையில் தேவையை நிறுவுதல், முதற்கட்ட வடிவமைப்பு, இறுதி வடிவமைப்பு, நிகழ்த்துதல், அறிக்கையாக்குதல் என்னும் படிகள் உள்ளன. இவற்றுள் வடிவமைப்புப் படிகளில் செய்யப்படுவது ஒருவகை முன்கூட்டிய கணக்கெடுப்பு. சோதனையை இன்னும் செய்யாதபோதே, தகட்டின் நிறையில் இவ்வளவு பிழை இருந்தால் பெருக்கக் காரணி எவ்வளவு மாறும், தகடுகளுக்கு இடையே முடியளவு இடைவெளி விழுந்தால் எவ்வளவு மாறும், பாலிஎத்திலீனின் அடர்த்தி, மாசுகள், அறை வெப்பநிலை, தாங்கும் மேடை, அறைச்சுவரிலிருந்து திரும்பும் நியூட்ரான்கள் ஆகியவை எவ்வளவு மாற்றும் என ஒவ்வொன்றும் கணக்கிடப்படுகிறது. இவற்றின் மொத்த நிச்சயமின்மை தேடும் விளைவைவிடப் பெரிதாயின் அச்சோதனையால் பயனில்லை. பெரும்பங்கு இடைவெளியிலிருந்து வருகிறது எனத் தெரிந்தால், அடுக்கின் உயரத்தைப் பல இடங்களில் அளக்குமாறு திட்டத்தை மாற்றலாம். பழைய சோதனைகளில் இவ்வாய்ப்பு இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் எழுதாமல் விட்ட தடிமனை இன்று எவரும் மீட்க இயலாது. மனிதரும் சுவடியும் போனபின் பாடத்தை ஊகிக்கும் நிலையே அங்குள்ளது.

மாறுநிலையை அணுகுதல்

டெக்ஸ் சோதனைகள் நிகழ்ந்த இடம் நெவாடாவிலுள்ள தேசிய மாறுநிலைச் சோதனை ஆய்வு மையம். அங்கு 'பிளானட்' என்னும் தூக்குபொறியின் மேல்தளத்தில் அடுக்கின் ஒரு பாதியும் கீழ்த்தளத்தில் மறுபாதியும் வைக்கப்படுகின்றன. பணியாளர் வெளியேறிய பின் கீழ்ப்பாதி தொலைவிலிருந்து மெல்ல உயர்த்தப்படுகிறது. கீழிருந்து மேலே தூக்குவதற்குக் காரணம் உண்டு. ஏதேனும் தவறினால் புவியீர்ப்பே இரண்டையும் பிரித்துவிடும். ஸ்லாட்டினின் கையில் மேற்பாதி கீழே விழுந்தது என்பதை நினைவிற்கொண்டால் இவ்வமைப்பின் பொருள் விளங்கும்.

ஒவ்வொரு படியிலும் நியூட்ரான்கள் எண்ணப்படுகின்றன. எண்ணிக்கை பெருகப் பெருக அதன் தலைகீழ் எண் சுழியை நோக்கி இறங்குகிறது. புள்ளிகளைக் கோட்டால் இணைத்து நீட்டினால் அது சுழியைத் தொடும் இடம் மாறுநிலை. ஃபெர்மி 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ உலையைத் தொடக்கிய முறையும் அடிப்படையில் இதுவே. எண்ணும் கருவி பொருத்தமற்ற இடத்தில் வைக்கப்பட்டால் அக்கோடு வளைந்து, மாறுநிலை இன்னும் தொலைவில் இருப்பதாகப் பொய்க்காட்சி தரக்கூடும். ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை வெவ்வேறிடங்களில் வைத்து, அவற்றுள் மிக அண்மையில் மாறுநிலையைக் காட்டுவதையே நம்பி அடுத்த அடி வைக்கப்படுகிறது. ஏற்புச்சோதனையின் பாதுகாப்பைக் கணித்துத் தருவதும் இன்னும் ஏற்கப்படாத அதே கணக்கீடுதான் என்பதால், இங்கு கணக்கை நம்பாமல் அளவீட்டை நம்பி நடப்பதே நெறி.

ஒரே ஏட்டின் படிகள்

சான்றுகளின் எண்ணிக்கை பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. ஓர் ஆய்வகம் ஒரே தொகுதிக் கோல்களைக் கொண்டு இடைவெளியை மாற்றி மாற்றி இருபது அமைப்புகளை அளந்தது எனக் கொள்வோம். இருபதிலும் கணக்கீடு ஒரே பக்கம் சாய்ந்தால், அது அணுக்கருத் தரவின் பிழையாக இருக்கலாம்; அக்கோல்களின் செறிவைத் தவறாக அளந்த ஒரே பிழையின் இருபது எதிரொலிகளாகவும் இருக்கலாம். தாய் ஏடு ஒன்றிலிருந்து பெயர்த்த இருபது படிகள் ஒரு பாடத்தைத் தந்தால் அதற்கு இருபது சான்றுகள் எனப் பதிப்பாசிரியர் எண்ணுவதில்லை. ஒரு சான்றாகவே கொள்வர். மாறுநிலைத் துறையிலும் சோதனைகளுக்கிடையே உள்ள இத்தொடர்பைக் கணக்கிலெடுக்காமல் சராசரி கண்டால், நிச்சயமின்மை உள்ளதைவிடச் சிறிதாகத் தோன்றும். எனவே வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி, இன்னும் எத்தனை அமைப்புகளை அளக்கலாம் என்பதன்று. வேறு பொருள், வேறு பொறி, வேறு கை எங்கே கிடைக்கும் என்பது.

அளவீட்டிலிருந்து வரம்புக்கு

சோதனைகளின் பெருக்கக் காரணி ஒன்று எனத் தெரிந்திருக்க, கணக்கீடு சராசரியாக 0.992 என விடை தருவதாகக் கொள்வோம். கணக்கீடு 0.008 குறைத்துக் காட்டுகிறது, இது முறைச்சாய்வு. சாய்வின் நிச்சயமின்மை 0.012 எனவும், அறியப்படாதவற்றுக்கென ஒதுக்கும் கூடுதல் இடைவெளி 0.05 எனவும் கொண்டால், ஆலை அமைப்பின் கணித்த எண், அதன் புள்ளியியல் நிச்சயமின்மையையும் சேர்த்து, 0.93க்கு மேற்படலாகாது. இவ்வெண்கள் விளக்கத்துக்காக இங்கு இடப்பட்டவை. சாய்வு எதிர்த்திசையில் இருந்தால், அதாவது கணக்கீடு உண்மையைவிடக் கூட்டிக் காட்டினால், அந்த மிகுதியைச் சாதகமாக எடுத்துக்கொண்டு வரம்பை உயர்த்துவது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. 2007இல் வெளிவந்த அமெரிக்கத் தரநிலை 8.24 ஏற்புச்சோதனைக்கென்றே எழுதப்பட்டது. எந்தப் பரப்புக்குள் சோதனைகள் உள்ளனவோ அப்பரப்பே ஏற்புடைமையின் எல்லை என்பதும், அதனைத் தாண்டிச் செல்வோர் தக்க காரணமும் தேவையான கூடுதல் இடைவெளியும் காட்ட வேண்டும் என்பதும் இத்துறையின் நடைமுறை.

யுரேனியம்-233

யுரேனியம்-235, புளூட்டோனியம் ஆகியவற்றோடு ஒப்பிட யுரேனியம்-233க்கான சோதனைகள் குறைவு. தோரியத்திலிருந்து பெறப்படும் அப்பொருள் இந்திய அணுவாற்றல் திட்டத்தில் தனியிடம் உடையது. டிராம்பேயில் 1984இல் இயங்கிய பூர்ணிமா-2 யுரேனியம்-233 கரைசலைக் கொண்டது. பூர்ணிமா-3, கல்பாக்கத்தில் அமையவிருந்த காமினி உலைக்கு முன்மாதிரியாக அமைக்கப்பட்டது. காமினி 1996 அக்டோபர் 29 அன்று மாறுநிலை அடைந்தது. அலுமினியத்தோடு கலந்த ஏறத்தாழ 600 கிராம் யுரேனியம்-233, நீர்த் தணிப்பான், பெரிலியம் ஆக்சைடு எதிரொளிப்பான் என்பன அதன் கூறுகள். நியூட்ரான் ஒளிப்படத்துக்காக அமைந்த உலையாயினும், யுரேனியம்-233ஐக் கையாளும் ஓர் ஆலையின் கணக்கீட்டுக்கு இத்தகைய அமைப்பு எந்த அளவுக்குச் சான்றாகும் என்பதை மேலே கூறிய ஒப்புமைக் கெழுவால் காணலாம். பெரிலியத்தின் செல்வாக்கு மிகுந்த அமைப்பு, பெரிலியம் இல்லாத கரைசல் தொட்டிக்கு முழுச் சான்றாகாது. யுரேனியம்-233இன் வெப்பநிலைப் பிளவுத் தரவைப் பொறுத்தமட்டில் அது பேசும்.

இத்தகைய கணக்கீட்டைத் தமிழில் எழுத முனையும் மாணவருக்குக் கலைச்சொல் அகராதி இவ்விரு சொற்களையும் தனித்தனிப் பதிவாகத் தருதல் வேண்டும். நிரல் தன் சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்ததா எனக் காண்பது சரிபார்ப்பு; தீர்த்த விடை இப்பயனுக்குப் பொருந்துமா என அளவீட்டால் காண்பது ஏற்புச்சோதனை; பொருந்தும் எல்லை ஏற்புப் பரப்பு. 'ஏற்பு' என்னும் பகுதி நிலைபெற்றால் ஏற்புச்சான்று, ஏற்பெல்லை, ஏற்பற்ற கணக்கீடு என அடுத்த சொற்கள் எளிதில் கிளைக்கும்.